கால்சியம் தூதன் என்று சொல்லும் முன்

தசை சுருங்குவதற்கும் நரம்பு பேசுவதற்கும் கால்சியம்தான் தூது போகிறது என்று கல்லூரியிலேயே படித்துவிட்டு வருகிறீர்கள். பாக்டீரியாவின் பக்கம் திரும்பியதும் அதே கதை இங்கேயும் சின்ன அளவில் நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த கையோடு "பாக்டீரியாவில் கால்சியம் சமிக்ஞை" என்று தலைப்பு எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் வழக்கமாக வாயால் சொல்வதைக் கீழே எழுதிவைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. மூன்றையும் நான்கையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

1. பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு ஈ.கோலை செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு ஃபெம்டோலிட்டர். எதிலும் ஒட்டாமல் அதற்குள் திரியும் கால்சியத்தின் செறிவு 100 நானோமோலார் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது. 1987ல் கங்கோலாவும் ரோசனும் ஃப்யூரா-2 சாயத்தை வைத்து அளந்தபோது கிடைத்தது ஏறக்குறைய 90. கொள்ளளவையும் 100 நானோமோலாரையும் பெருக்கி, வருவதை அவகாட்ரோ எண்ணால் பெருக்குங்கள். அறுபது வரும். ஒரு முழு உயிரினத்துக்குள் தனித்துத் திரியும் கால்சியம் அயனிகள் அறுபதே அறுபது!

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தாமாகத் தீரும். அறுபது என்றால், எந்தத் தூண்டலும் இல்லாமலே ஏழெட்டு கூடும், குறையும். அது வெறும் புள்ளியியல் அலைவு. அதைச் செய்தி என்று படித்துவிடக் கூடாது. இன்னொரு பக்கம், சவ்வில் ஒரே ஒரு வாயில் திறந்து ஒரு பிக்கோஆம்பியர் கால்சியம் ஓட்டம் நடந்தால் நொடிக்கு முப்பது லட்சம் அயனிகள் நுழையும். ஒரு மில்லிநொடி திறந்து மூடினாலே மூவாயிரம். அறுபது இருந்த இடத்தில் மூவாயிரம் வந்து இறங்கினால், அவற்றில் பெரும்பகுதியைப் புரதங்களும் பாஸ்பேட்டுகளும் பிடித்துக்கொண்டாலும், செல்லின் நிலை தலைகீழாகிவிடும். பெரிய செல்களில் வாயிலுக்குப் பக்கத்தில் மட்டும் கால்சியம் குவிந்து நிற்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஒரு மைக்ரான் நீளமுள்ள செல்லை ஒட்டாத அயனி ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் கடந்துவிடும். ஆகவே செல்லின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும் கால்சியம் அலையை இங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மொத்தக் கால்சியம் வேறு கணக்கு. அட்டாமிக் அப்சார்ப்ஷன் கருவி தரும் எண்ணில் சவ்விலும் ஆர்என்ஏவிலும் ஒட்டியிருப்பது எல்லாம் அடங்கும். அந்த எண்ணை வைத்துச் சமிக்ஞை பேசக் கூடாது.

2. உள்ளே ஏன் இவ்வளவு குறைவு என்று கேளுங்கள்.

வெளியே மில்லிமோலார், உள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. காரணம் பாஸ்பேட். ஏடிபி, ஆர்என்ஏ, கரைந்து நிற்கும் பாஸ்பேட் என்று செல்லுக்குள் எங்கே பார்த்தாலும் அதுதான். கால்சியம் தாராளமாக உள்ளே வந்தால் இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகப் படியும், செல்லின் ஆற்றல் வரவு செலவே நின்றுபோகும். இதைக் கண்ணால் பார்க்க ஆசையா? எம்9 மீடியத்தில் கால்சியம் குளோரைடையும் பாஸ்பேட்டையும் ஒன்றாகப் போட்டு ஆட்டோகிளேவ் செய்து பாருங்கள். குடுவை வெள்ளையாகக் கலங்கி வெளியே வரும். அதனால்தான் கால்சியத்தைத் தனியே ஆட்டோகிளேவ் செய்து, ஆறிய பிறகு சேர்க்கிறோம்.

ஆகவே ஒவ்வொரு பாக்டீரியாவும் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஈ.கோலையில் புரோட்டானை உள்ளே விட்டுக் கால்சியத்தை வெளியேற்றும் சாஏ, நிமோகாக்கஸில் காக்ஸ்பி, லிஸ்டீரியாவில் ஏடிபியை எரித்துத் தள்ளும் எல்எம்சிஏ1. இந்தக் கடைசிப் புரதம் நம் தசையில் உள்ள கால்சியம் பம்பின் உறவுக்காரன். துரத்தும் வேலை பழையது, தூது அதன் மேல் பின்னால் ஏறியது என்பது என் கட்சி. பத்தாயிரம் மடங்கு மேடு பள்ளம் ஏற்கெனவே இருக்கும்போது, கதவைக் கொஞ்சம் திறந்தாலே சேதி போய்விடும். மக்னீசியத்துக்கு அந்த வசதி இல்லை. அது உள்ளேயே மில்லிமோலார் அளவில் இருக்கிறது. போதாக்குறைக்குத் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகளை விடுவதில் கால்சியத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மந்தம்.

3. "எந்தக் கால்சியம்?" என்று கேட்காமல் ஒரு கட்டுரையையும் படிக்காதீர்கள்.

கிராம் நெகட்டிவ் செல் என்றால் மூன்று இடங்கள்: வெளியே உள்ள திரவம், இரண்டு சவ்வுகளுக்கு நடுவில் உள்ள பெரிபிளாசம், உள்ளே உள்ள சைட்டோசால். தூதன் என்ற பட்டம் மூன்றாவது இடத்தில் ஏறி இறங்கும் கால்சியத்துக்கு மட்டுமே. மற்ற இரண்டிலும் அது வெறும் சூழல் நிலவரம், வெப்பநிலையைப் போல, உப்புத்தன்மையைப் போல.

சால்மொனெல்லாவின் ஃபோபி-ஃபோக்யூ ஜோடியைப் பாருங்கள். ஃபோக்யூ புரதத்தின் உணரும் பகுதி பெரிபிளாசத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே மக்னீசியமோ கால்சியமோ நிறைய இருந்தால் அது அடங்கியிருக்கும். குறைந்தால் விழித்துக்கொண்டு, நோயுண்டாக்கும் பல மரபணுக்களை ஓட விடும். 1996ல் குரோய்ஸ்மனின் குழு இதை மக்னீசியத்தை முன்னிறுத்தியே எழுதியது. இங்கே கால்சியம் வெளிச் செய்தி. உள்ளே அதைத் தூக்கிச் செல்வது பாஸ்பேட் குழு. இதைக் "கால்சியம் சமிக்ஞை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, அடுத்த வரியில் விலங்கு செல்லுக்குள் கால்சியத்தைப் பிடிக்கும் கால்மாடுலினை இழுப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது.

பிளேக் கிருமி எர்சினியா பெஸ்டிஸ் இன்னும் நல்ல பாடம். 37 டிகிரியில் கால்சியம் இல்லாத மீடியத்தில் விட்டால் அது வளர்வதை நிறுத்திவிட்டு, யாப் என்னும் நச்சுப் புரதங்களைக் கொட்டத் தொடங்கும். இரண்டரை மில்லிமோலார் கால்சியம் சேர்த்தால் மறுபடி வளரும், கொட்டுவது நிற்கும். 26 டிகிரியில் இந்தக் கூத்து எதுவும் இல்லை. 1950களிலேயே கவனித்துவிட்டார்கள், இதற்குக் காரணமான பிளாஸ்மிடின் பெயரிலேயே கால்சியம் ஏறிவிட்டது. மனித செல்லுக்குள் கால்சியம் குறைவு, ஆகவே உள்ளே நுழைந்ததைக் கிருமி இப்படித்தான் தெரிந்துகொள்கிறது என்று அழகான விளக்கமும் சொன்னார்கள். 1990களில் அது ஆட்டம் கண்டது. உடலுக்குள் உண்மையான தூண்டல் மனித செல்லோடு ஏற்படும் தொடுகை என்றும், தொட்ட இடத்தில் ஊசி போன்ற அமைப்பு வழியாக யாப் நேரே செலுத்தப்படுகிறது என்றும் தெரிந்தது. கால்சியம் இல்லாத குடுவை அந்தக் கதவை ஆய்வகத்தில் திறக்க உதவும் ஒரு வழி. ஒரு நிகழ்வு குடுவையில் எவ்வளவு சுத்தமாக நடந்தாலும், இயற்கையில் அதன் பொருள் வேறாக இருக்கலாம்.

கக்குவான் கிருமியின் அடினைலேட் சைக்ளேஸ் நச்சையும் இதோடு வைத்துப் படியுங்கள். அதன் வால் பகுதியில் கால்சியத்தைப் பிடிக்கும் கண்ணிகள் வரிசையாக இருக்கின்றன. செல்லுக்குள் கால்சியம் அற்பம் என்பதால் அந்த வால் மடியாமல் தளர்ந்து கிடக்கிறது. சுரப்புக் குழாய் வழியே வெளியே தலை நீட்டியதும் மில்லிமோலார் கால்சியத்தைப் பிடித்து மடிகிறது. மடிந்த பகுதி திரும்பி உள்ளே போக முடியாது என்பதால், மடிவதே புரதத்தை வெளியே இழுக்க உதவுகிறது. உள்ளே குறைவு, வெளியே நிறைவு என்பதை இதைவிட நேர்த்தியாகப் பயன்படுத்திக்கொண்ட அமைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் இது தூது இல்லை.

4. தேவை வேறு, தூது வேறு.

குழம்புக்கு உப்பு வேண்டும். அதற்காக உப்பு சேதி கொண்டுவருகிறது என்று யாரும் சொல்வதில்லை. கால்சியத்தை எடுத்தால் பயோஃபிலிம் உதிர்கிறது, செல் பிரிவு தடுமாறுகிறது, நகர்வு குறைகிறது என்று நூறு கட்டுரைகள் உண்டு. வெளிச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடுகளைக் கட்டிப்போடுவது கால்சியமும் மக்னீசியமும்தான். பல நொதிகளின் எலும்புக்கூட்டில் கால்சியம் இருக்கிறது. பேசில்லஸ் ஸ்போருக்குள் டைபிக்கோலினிக் அமிலத்தோடு சேர்ந்து அது மூட்டைகட்டிக் கிடக்கிறது. இவை எல்லாம் தேவை.

தூது என்று நிரூபிக்க, சைக்ளிக் ஏஎம்பிக்காக 1971ல் நோபல் பெற்ற ஏர்ல் சதர்லாண்ட் வைத்த நிபந்தனைகளைத் தூசிதட்டி எடுத்துக்கொள்ளுங்கள். தூண்டல் வந்ததும் சைட்டோசால் கால்சியம் மாற வேண்டும். அதுவும் விளைவுக்கு முன்னால் மாற வேண்டும். அந்த மாற்றத்தைத் தடுத்தால் விளைவு நிற்க வேண்டும். தூண்டலே இல்லாமல் கால்சியத்தை மட்டும் செயற்கையாக ஏற்றினால் விளைவு வர வேண்டும். உள்ளே அதைப் பிடித்து அடுத்த கைக்கு மாற்றும் புரதம் ஒன்றைக் காட்ட வேண்டும். நிலை பழையபடி திரும்புவதற்கான வழியும் தெரிய வேண்டும். பாக்டீரியா பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை முதல் நிபந்தனையோடு நின்றுவிடும். சில அதையும் தொடுவதில்லை. வைவாவில் உங்களை மடக்க நினைப்பவர் இந்தப் பட்டியலைத்தான் கையில் வைத்திருப்பார்.

5. தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்க விட்டுக்கொண்டிருந்தார். கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரித்தபோது துடிப்பு நின்றுபோனது. முன்பு துடித்ததற்குக் காரணம், கரைசல் குழாய்த் தண்ணீரில் தயாராகியிருந்தது. அந்தத் தண்ணீரில் கால்சியம் இருந்தது. 1883ல் அவர் இதை எழுதினார். கால்சியம் உடலியலே ஒரு தண்ணீர்க் குளறுபடியில்தான் தொடங்குகிறது.

நம் ஊர் போர்வெல் நீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாட்டர் ஹீட்டர் கம்பியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். ஆனால் நன்றாக வடிகட்டிய நீரில் தயாரித்த "கால்சியம் இல்லாத" மீடியத்திலும் சில மைக்ரோமோலார் கால்சியம் இருக்கும். கண்ணாடிக் குடுவை கசியவிடும், மற்ற உப்புகள் கொண்டுவரும், அகார் மூட்டையோடு வரும். டிரிப்டோனிலும் ஈஸ்ட் சாறிலும் எவ்வளவு இருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். உள்ளே 100 நானோமோலார் உள்ள செல்லுக்கு வெளியே ஐந்து மைக்ரோமோலார் என்பதும் ஐம்பது மடங்கு. எனவே "சேர்க்கவில்லை" என்று எழுதுங்கள், "இல்லை" என்று எழுதாதீர்கள். பிளாஸ்டிக் பாத்திரம் பயன்படுத்துங்கள். மீடியத்தில் உள்ளதை அளந்து நோட்டில் எண்ணாகக் குறியுங்கள். எந்தக் கேனிலிருந்து பிடித்த தண்ணீர் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

6. இஜிடிஏ கொட்டிவிட்டுக் கால்சியத்தை நீக்கிவிட்டேன் என்று சொல்லாதீர்கள்.

நடுநிலை பிஎச்சில் இஜிடிஏ ஒரு கால்சியத்தைப் பிடிக்கும்போது இரண்டு புரோட்டானை விடுகிறது. பஃபர் பலவீனமாக இருந்தால் மீடியம் புளிக்கும். நீங்கள் பார்த்த விளைவு அமிலத்தின் விளைவாக இருக்கலாம். பிஎச் ஒரு படி இறங்கினாலே கால்சியத்தைப் பிடிக்கும் அதன் வலு ஏறக்குறைய நூறு மடங்கு குறைந்துவிடும். இவற்றையெல்லாம் விட மோசம், துத்தநாகத்தையும் மாங்கனீசையும் அது கால்சியத்தைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது. ஒரு மில்லிமோலார் இஜிடிஏ போட்டால் கிருமி முதலில் இழப்பது துத்தநாகத்தைத்தான். இடிடிஏ இன்னும் முரடு: மக்னீசியத்தையும் பிடுங்கி, வெளிச்சவ்வையே கிழித்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் பிஎச் பாருங்கள். கால்சியத்தைத் திரும்பச் சேர்த்து விளைவு மீள்கிறதா என்று பாருங்கள். அதே அளவு மக்னீசியம், மாங்கனீசு, துத்தநாகம் தனித்தனியே சேர்த்து மீளவில்லை என்பதையும் காட்டுங்கள். பாப்டா கிடைத்தால் நல்லது, அது பிஎச்சுக்கு அவ்வளவாக அசைவதில்லை. இவை எதுவும் தாமாகச் செல்லுக்குள் போவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். வெளியே இருந்து பிடுங்கியதை உள்ளே குறைத்ததாகக் கணக்கு எழுத முடியாது.

7. அளக்கும் கருவியின் குணத்தைப் படித்துவிட்டு அளவை நம்புங்கள்.

கால்சியம் பட்டால் ஒளிரும் ஏக்வோரின் புரதம் கண்டுபிடிக்கப்பட்ட கதை நம் துறையில் எல்லோருக்கும் பிடித்தது. 1961 கோடையில் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லிமீன் சாற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வேலைக்கு ஆகாது என்று சாற்றைத் தொட்டியில் கொட்டியதும் தொட்டிக்குள் நீல ஒளி பளீரென்று எழுந்தது. மீன் தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அதில் ஓடிக்கொண்டிருந்தது; கடல்நீரில் கால்சியம். மறு ஆண்டு கட்டுரை வந்தது. அதே ஜெல்லிமீனில் உடன் கிடைத்த பச்சைப் புரதத்துக்காக 2008ல் அவருக்கு நோபல்.

1991ல் ஏக்வோரினை ஈ.கோலைக்குள் உற்பத்தி செய்யவைத்து உள்ளிருக்கும் கால்சியத்தை ஒளியாகப் படித்தார்கள். பாக்டீரியாவுக்கு இது தோதான கருவி: மரபணுவாகவே உள்ளே போகிறது, வெளியிலிருந்து சீலென்டெரசின் கொடுத்தால் போதும், பின்னணி ஒளி கிட்டத்தட்ட இல்லை. தொல்லை என்னவென்றால் ஒருமுறை ஒளிர்ந்த மூலக்கூறு செலவாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசியிலும் எத்தனாலோடு கால்சியம் குளோரைடைச் செலுத்தி, மிச்சம் உள்ளதை எல்லாம் எரித்து மொத்தத்தைக் கணக்கெடுக்க வேண்டும். அதைச் செய்யாத வரைபடம் வெறும் கோடு. சீலென்டெரசினோடு சேர்ந்து ஏக்வோரின் தயாராக ஆக்சிஜனும் வேண்டும், ஆகவே காற்றில்லா வளர்ப்பு என்றால் வேறு வழி பாருங்கள். இன்னொன்று, நீங்கள் படிப்பது கோடிக்கணக்கான செல்களின் கூட்டுத் தொகை. ஒவ்வொன்றும் தன் போக்கில் துடித்தால் தொகை மேடு பள்ளமில்லாத கோடாகத் தெரியும்.

ரோஜர் சியென் குழு 1985ல் கொடுத்த ஃப்யூரா-2 சாயம் இரண்டு அலைநீளங்களின் விகிதத்தால் அளவு சொல்வதால் நம்பகமானது. ஆனால் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தாண்டுவது கடினம். தாண்டினாலும் பல கிருமிகளின் பம்புகள் அதை வெளியே துப்பிவிடும். இப்போது எல்லோரும் ஓடுவது கால்சியத்தைப் பிடித்தால் பிரகாசிக்கும் ஜிகேம்ப் புரதத்தின் பக்கம். ஒற்றைச் செல் கண்சிமிட்டுவதைத் திரையில் பார்த்தால் யாருக்கும் மனம் துள்ளும். துள்ளட்டும்; பிறகு பிஎச் மாறினாலும் இதே புரதம் மங்கும், பிரகாசிக்கும் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கால்சியத்தைப் பிடிக்க முடியாதபடி மாற்றிய வடிவத்தை அருகிலேயே ஓட்டி, அது சிமிட்டவில்லை என்று காட்டினால்தான் பேச்சு.

8. விலங்கு மருந்தியலிலிருந்து கடன் வாங்கும் தடுப்பான்களை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெராபமில், நிஃபெடிபைன் எல்லாம் இதயத் தசையின் வாயில்களுக்காக உருவானவை. பாக்டீரியாவில் அவை எதைத் தடுக்கின்றன என்று தெரியாமலே "கால்சியம் வாயில் தடுக்கப்பட்டது" என்று எழுதுகிறார்கள். விலங்குகளின் கால்சியம் வாயிலைப் போன்ற முகஜாடையோடு 2001ல் ஒரு பேசில்லஸிலிருந்து கிடைத்த நாக்பாக் வாயிலைச் சோதித்தபோது அது கடத்தியது சோடியத்தை. முகஜாடையை நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும்? வாயிலின் மரபணுவை நீக்கிக் காட்டுங்கள். முடியாவிட்டால் அடக்கி வாசியுங்கள்.

9. ஜீனோமில் ஈஎஃப் கையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

கால்சியத்தைப் பிடிக்கும் இந்தப் பன்னிரண்டு அமினோ அமில வளைவை 1973ல் கெண்டை மீன் தசையின் பார்வால்புமினில் கிரெட்சிங்கர் அடையாளம் காட்டினார். கணினியில் தேடினால் பாக்டீரியாக்களில் மளமளவென்று வரும். 1987ல் எரித்ரோமைசின் தரும் சாக்கரோபாலிஸ்போராவில் கால்மாடுலினின் சாயல் உள்ள புரதம் கிடைத்தபோது நிறைய எதிர்பார்ப்பு. பிறகு அதற்குக் கால்எரித்ரின் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கிடைக்கும் கைகளில் கணிசமானவை செல்லுக்கு வெளியே வேலை பார்ப்பவை. செல்லுலோஸைச் சிதைக்கும் கிளாஸ்ட்ரிடியத்தின் டாக்கரின் துண்டுகளில் அந்த வளைவு உண்டு. அங்கே கால்சியம் வெறும் ஆணி. பெரிபிளாசத்தில் காலக்டோஸைப் பிடிக்கும் புரதத்திலும் அப்படியே.

உங்கள் புரதம் உள்ளே இருக்கிறதா, மில்லிமோலார் மக்னீசியம் பக்கத்தில் இருக்கும்போதும் மைக்ரோமோலார் கால்சியத்தைப் பிடிக்கிறதா, பிடித்ததும் வடிவம் மாறுகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

10. அனபீனாவை நன்றாகப் படியுங்கள்.

பாக்டீரியாவில் கால்சியம் தூது போகிறது என்பதற்குச் சான்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது நீலப்பச்சைப் பாசியை. நெல்வயலில் தழைச்சத்துக்காக விடும் அதே இனத்தாள்தான். இதை வகைப்படுத்திய பெரும் நூலான "சயனோஃபைட்டா"வை 1959ல் எழுதிய டி.வி. தேசிகாச்சாரி சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நைட்ரேட் உள்ள பிஜி-11 மீடியத்தில் அனபீனாவை வளர்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், மணிமணியாக ஒரே மாதிரி செல்கள் கோத்த இழை தெரியும். கழுவி, நைட்ரேட் இல்லாத மீடியத்துக்கு மாற்றி மறுநாள் பாருங்கள். பத்திலிருந்து இருபது செல்களுக்கு ஒன்று பருத்து, நிறம் வெளுத்து, சுவர் தடித்து நிற்கும். இரு முனையிலும் பளபளக்கும் முடிச்சு. அதுதான் ஹெட்டிரோசிஸ்ட். ஆக்சிஜனை வெளியே நிறுத்திவிட்டு, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கும். இனி அது பிரியாது. ஒரு செல் தன் வம்சத்தைக் கைவிடும் முடிவு அது. அந்த முடிவுக்கு முன்னால் என்ன சேதி ஓடுகிறது?

2004ல் மாட்ரிட் குழுவொன்று ஏக்வோரின் உள்ள அனபீனாவை வைத்து அளந்தது. நைட்ரஜன் நீங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சைட்டோசால் கால்சியம் தனக்கே உரிய வடிவத்தில் ஏறி இறங்குகிறது. அதை அடக்கினால் ஹெட்டிரோசிஸ்ட் இல்லை. அதை ஊதிப் பெருக்கினாலும் இல்லை. எனக்கு இரண்டாவது முடிவுதான் முக்கியம். கால்சியம் வெறும் தேவையாக இருந்தால் கூடுதலாகக் கொடுத்தது கெடுத்திருக்க வேண்டியதில்லை. ஏற்றத்தின் அளவும் நேரமும் சரியாக இருந்தால்தான் வேலை நடக்கிறது என்றால், அங்கே படிக்கப்படுவது ஒரு சேதி.

மறு ஆண்டு பெய்ஜிங்கில் ஜாவோவின் குழு பிடிக்கும் கையையே காட்டியது. சிசிபிபி என்னும் சிறு புரதம் சாதாரண செல்லில் கால்சியத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. அதை மிகுதியாக உற்பத்தி செய்தால் ஹெட்டிரோசிஸ்ட் உருவாவதில்லை. குறைத்தால் அடுத்தடுத்துப் பல செல்கள் ஹெட்டிரோசிஸ்ட் ஆகின்றன. முதிர்ந்த ஹெட்டிரோசிஸ்டில் ஒட்டாத கால்சியம் பக்கத்துச் செல்லைவிடப் பத்து மடங்கு. மாறும் செல்லில் இந்தப் புரதம் எப்படிக் காலியாகிறது என்பதற்கு 2006ல் இரண்டு வழி சொன்னார்கள்: நைட்ரஜன் பஞ்சத்தை உணரும் என்டிசிஏ அதன் மரபணுவை அடக்குகிறது, முடிவெடுக்கும் ஹெட்ஆர் இருக்கும் புரதத்தைச் சிதைக்கிறது. ஹெட்ஆரின் முதன்மை வேலை டிஎன்ஏவைப் பிடிப்பது என்று பின்னால் வந்த படிக அமைப்பு காட்டியதால், சிதைக்கும் வேலையை நான் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். மற்றவை மையால்.

கவனித்தீர்களா, இங்கே கால்சியம் ஏறுவதில் ஒரு பங்கு வெளியிலிருந்து வராமல் உள்ளே பிடித்துவைத்ததை விடுவிப்பதால் நடக்கிறது. தூதுக்கு வாயில் திறந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

11. ஈ.கோலை விஷயத்தில் பொறுமையாக இருங்கள்.

எல்லாக் கருவியும் உள்ள கிருமியில்தான் கதை பாதியில் நிற்கிறது. 1977ல் ஓர்டால் பேசில்லஸ் சப்டிலிஸின் நகர்வைக் கால்சியத்தோடு இணைத்தார். 1990களில் விஸ்கான்சினில் டிசாவும் அட்லரும் ஈ.கோலையைத் துரத்தும் பொருட்கள் உள்ளே கால்சியத்தை ஏற்றுகின்றன, கவரும் பொருட்கள் இறக்குகின்றன என்று அளந்து எழுதினார்கள். அதே காலத்தில் சீஏ புரதம் சீவை மேல் பாஸ்பேட்டை ஏற்றி, சீவை போய் மோட்டாரைத் திருப்புகிறது என்னும் பாதை அணு அளவுக்குத் தெளிவாகிவிட்டது. அந்தப் பாதையில் கால்சியத்துக்கு என்று யாரும் நாற்காலி போடவில்லை. அட்லரின் அளவுகள் பொய் என்று நான் சொல்லவில்லை. மோட்டார் ஓட்டமும் சவ்வின் மின்னழுத்தமும் மாறும்போது கால்சியம் கூடவே இழுபட்டுப்போகவும் கூடும் என்கிறேன். கூடவே போகிறவன் எல்லாம் தூதன் ஆகிவிட மாட்டான்.

2017ல் கொலராடோவில் கிராலியின் குழு ஜிகேம்ப்பை வைத்து ஒற்றை ஈ.கோலை செல்கள் கால்சியத்தால் விட்டுவிட்டுச் சிமிட்டுவதைக் காட்டியது. சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது கால்சியம் பாய்கிறது, செல் அழுத்தப்படும்போது சிமிட்டல் கூடுகிறது, அதன் பின்னே புரத உற்பத்தியும் மாறுகிறது. தொடுவதை ஈ.கோலை உணரும் வழி இது என்பது அவர்கள் வாதம். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் எந்தப் புரதம் வழி உள்ளே வருகிறது, உள்ளே வந்ததை எந்தப் புரதம் படிக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் அந்தக் கட்டுரை தீர்க்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த இரண்டும் நல்ல வேலை.

12. மருத்துவமனைப் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் சூடோமோனாஸைப் பாருங்கள்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் சளியில் கால்சியம் கூடுதல். அங்கே குடியேறும் சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆல்ஜினேட்டைச் சுரந்து கெட்டியான பயோஃபிலிம் கட்டிக்கொள்கிறது. வெளியே கால்சியம் கூடுவதைக் கார்எஸ்ஆர் என்னும் இருவர் அமைப்பு உணர்ந்து, உள்ளே கால்சியத்தைச் சமன்செய்யும் மரபணுக்களை இயக்குகிறது. லாட்எஸ் என்னும் கைனேஸ் கால்சியத்தைக் கண்டதும் கடும் தாக்குதலிலிருந்து நாட்பட்ட குடியிருப்புக்குக் கிருமியை மாற்றிவிடுகிறது என்று 2016ல் ஜெனல் குழு சுவிட்சர்லாந்திலிருந்து எழுதியது. மூன்றாவது அறிவுரையின்படி இவை வெளிச் செய்திகள். ஆனால் வெளியே ஒரு மில்லிமோலார் கூடினால் இந்தக் கிருமியின் சைட்டோசால் கால்சியமும் ஏறுகிறது. வெளிச் செய்தியும் உள்தூதும் ஒரே கிருமியில் ஒரே நேரத்தில் நடந்தால் எப்படிப் பிரிப்பது? உணரும் கைனேஸை நீக்கிய செல்லில் உள்ளே ஏறும் ஏற்றம் அப்படியே இருக்கிறதா, அதற்கு ஏதாவது விளைவு மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

13. முதல் மாதத்தில் கால்சியத்தை அளக்கவே வேண்டாம்.

உங்கள் கிருமியை ஆறேழு கால்சியம் அளவுகளில் வளர்த்து வளர்ச்சிக் கோட்டை வரையுங்கள். பிஜி-11ல் ஏற்கெனவே கால் மில்லிமோலார் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. எல்பியில் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ஒவ்வொரு குடுவையிலும் தொடக்கத்திலும் முடிவிலும் பிஎச் எழுதுங்கள். எந்த அளவில் வளர்ச்சியே குறைகிறதோ அந்த அளவைச் சமிக்ஞைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். அங்கே வரும் விளைவு எல்லாம் நோஞ்சான் செல்லின் விளைவு. வளர்ச்சி மாறாமல், நீங்கள் தேடும் நடத்தை மட்டும் மாறும் ஓர் இடைவெளி கிடைக்கும். அது கிடைத்த பிறகு ஏக்வோரின் பிளாஸ்மிடைக் கேட்டு வாருங்கள். கிடைக்கவில்லை என்றால் கிருமியை மாற்றுங்கள். தலைப்பை மாற்றவும் கைடிடம் தயங்காமல் கேளுங்கள்.